ஒளியும் சுழற்சியும்

வானில் தோன்றும் ஒளிகளுள் எது அண்மையது, எது சேய்மையது என்பதைக் கண் அறியாது. அருகிலுள்ள சிறுவிளக்கும் தொலைவிலுள்ள பெருவிளக்கும் ஒருதன்மையவாகவே தோன்றும். விளக்கின் உண்மை ஒளியை வேறு வழியால் அறிந்தால், தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணிக்கலாம். விண்மீன் மண்டலங்களுக்கு அவ்வழியைக் காட்டியது அவற்றின் சுழற்சியே ஆகும்.

1922ஆம் ஆண்டில் எஸ்தோனிய வானியலார் எர்னஸ்ட் ஓப்பிக், ஆந்திரமேதா மண்டலத்தின் சுழல்வேகத்தைக் கொண்டு அதன் தொலைவு ஏறத்தாழ 15 இலட்சம் ஒளியாண்டு எனக் கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 25 இலட்சம். வேகம் எடையை உணர்த்தும், எடை ஒளியை உணர்த்தும் என்பதே அவர்தம் கணிப்பின் அடிப்படை. ஒளிக்கும் எடைக்கும் நம் பால்வீதியிலுள்ள விகிதமே அங்கும் உண்டு என அவர் கொண்டார்.

அவ்வெண்ணத்தை ஓர் உறுதியான அளவுகோலாக்கியவர்கள் ப்ரென்ட் டல்லி, ரிச்சர்ட் ஃபிஷர் என்னும் இருவர். ஹைட்ரஜன் வளி 21 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. சுழலும் மண்டலத்தின் ஒருபுறம் நம்மை நோக்கி வர, மறுபுறம் விலகிச் செல்வதால், அவ்வலையின் கோடு அகன்று தோன்றும். அவ்வகலம் மிகுந்தோறும் மண்டலத்தின் உண்மை ஒளியும் மிகுவதை அவர்கள் 1977இல் நிறுவினர். அகச்சிவப்பு ஒளியில் நோக்கினால், வேகம் இருமடங்காகும்போது ஒளி ஏறத்தாழ 10 முதல் 16 மடங்காகிறது.

ஆயின் எல்லா மண்டலங்களும் ஓரினத்தன அல்ல. நீள்வட்ட மண்டலங்களில் விண்மீன்கள் ஒழுங்காகச் சுழலாமல் பல திசைகளிலும் விரைகின்றன. அவற்றில் அவ்விரைவுகளின் பரவலே ஒளியோடு தொடர்புறுவதைச் சாண்ட்ரா ஃபேபரும் ராபர்ட் ஜாக்சனும் 1976இலேயே காட்டியிருந்தனர். சுருள் மண்டலங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நடுப்பகுதி பருத்து, கரங்கள் இறுகச் சுற்றியவை, அதே ஒளியுடைய தளர்ந்த சுருள்களினும் விரைந்து சுழல்வதை வேரா ரூபினும் உடனாய்வாளரும் 1985இல் வெளியிட்டனர். அவற்றில் முதிய விண்மீன்கள் மிகுதி. நீல ஒளி குறைவு. அகச்சிவப்பில் அளக்குங்கால் இவ்வேறுபாடு பெரிதும் குறைகிறது.

வளி மிகுந்த குறுமண்டலங்களோ தம் வேகத்திற்குரிய ஒளியின்றி மங்கியிருந்தன. விதி அங்கே பிழைத்ததா? இல்லை. இன்னும் விண்மீனாகாத வளியின் எடையையும் விண்மீன்களின் எடையோடு கூட்டியபோது அவையும் விதிக்குள் அடங்கின. ஸ்டேசி மெகாவும் உடனாய்வாளரும் 2000இல் இதனை விளக்கினர். ஒளியை மட்டும் எண்ணியதே குறை. சுழற்சி எடை முழுவதையும் எண்ணியிருந்தது. அவ்வெடையுள் கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருளே பெரும்பங்கு என்பது பெரும்பான்மை வானியலார் கொள்கை.

இவ்வளவுகோலால் பெற்ற தொலைவுகளும் துணைநிற்க, நம் பால்வீதி அடங்கிய பெருந்தொகுதியின் எல்லையை டல்லி குழுவினர் 2014இல் வரைந்தனர். அதற்கு 'லானியாக்கேயா' என்னும் ஹவாய் மொழிப் பெயரைத் தந்தவர் ஒரு மொழிப் பேராசிரியர். 'அளவிடற்கரிய வானம்' என்பது அதன் பொருள். அளந்தவர்களே இப்பெயரை ஏற்றனர் என்பதைச் சொல்லை ஆளும் நம்மனோர் எண்ணி மகிழலாம்.