வெற்றிடமாய் விட்ட பதினொரு பெயர்கள்

1958 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஒரு கோப்பைப் பந்தயம். அங்கே விற்ற ஆட்ட நிரலில், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருக்கவேண்டிய இடங்கள் வெறுமையாய் இருந்தன. 13 நாட்களுக்கு முன் மியூனிக்கில் நேர்ந்த விமான விபத்து அக்கோஷ்டியைச் சிதைத்திருந்தது. அது பலிகொண்ட 23 பேரில் எண்மர் ஆட்டக்காரர்.

நிர்வாகி மாட் பஸ்பி மருத்துவமனையில் கிடந்தார். வேல்ஸ் கோஷ்டியின் ஆட்டத்துக்காகக் கார்டிஃபில் தங்கியதால் உயிர் தப்பிய துணைவர் ஜிம்மி மர்ஃபி, பெரும்பாலும் ரிசர்வ், இளைஞர் கோஷ்டிகளிலிருந்தே ஆள் திரட்டினார். இருவரை மட்டும் விலைக்கு வாங்கினார். அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாய்ப் பழக்கியவரும் அவரே. இளைஞர் கோப்பை 1952-இல் ஏற்பட்டதும் முதல் ஐந்து பருவங்களிலும் வென்றது இக்கழகமே அல்லவா?

ரிசர்விலிருந்து வந்த ஷே பிரென்னன், முதல் கோஷ்டிக்கு ஆடிய அந்த முதல் ஆட்டத்திலேயே, பழகாத இடது ஓரத்தில் நின்று இரண்டு கோல் போட்டார். மூன்றாவது, பதினேழு வயது அலெக்ஸ் டாசனுடையது. ஷெஃபீல்டு வெட்னஸ்டே 0–3 எனத் தோற்றது. யுனைடெட் இறுதியாட்டம் வரை சென்று, மே 3-இல் போல்ட்டனிடம் 0–2 எனத் தோற்றது.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடன்று. ரிசர்வில் இன்னும் ஓரிரு ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டிய சிறுவர்கள், இறந்தோரின் சட்டையை அணிந்து ஆடினார்கள். டாசன் 1961-இல் பிரெஸ்டனுக்குப் போய்விட்டார். பிரென்னன் நிலைத்தார், 1968-இல் அக்கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தற்காப்பு வரிசையில் நின்றார்.