வல்லாளன் வரலாறும் வாதப் பிழைகளும்

திருவண்ணாமலைக் கோயிற் கோபுரங்களுள் ஒன்று இன்றும் வல்லாள மகாராஜன் பெயரால் வழங்குகிறது. போசள வேந்தர் மூன்றாம் வல்லாளர் இந்நகரைத் தம் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். 1342ஆம் ஆண்டளவில், முதுமைப் பருவத்தில், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியிடம் போரில் சிறைப்பட்டார். விடுவிப்பதாகக் கூறி அவருடைய செல்வத்தைப் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவரைக் கொன்று, தோலுரித்து வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதைத் தாம் கண்டதாக எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு எழும் வாதங்களை மன்திக் எனும் அளவைக் கலையால் சோதிக்கலாம். அக்கலை வாதத்தை மூவகைப்படுத்தும். பொதுவிதியிலிருந்து தனிநிகழ்வுக்கு வருவது கியாஸ். தனிநிகழ்வுகளிலிருந்து பொதுவிதிக்குச் செல்வது இஸ்திக்ரா. ஒன்றைக் கொண்டு அதனையொத்த மற்றொன்றைத் துணிவது தம்ஸீல். இவை முறை பிறழ்ந்தால் முகாலதா, அதாவது போலிவாதம் ஆகும்.

"அந்தச் சுல்தான் கொடியவர், ஆகவே முஸ்லிம்கள் கொடியவர்கள்" என்பது குறையுள்ள இஸ்திக்ரா. வல்லாளர் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்று இப்னு பதூதாவே கூறுகிறார். அவர்களை அவர் நல்லோராகச் சித்திரிக்கவில்லை எனினும், போரை இரு மதங்களின் மோதலாகச் சுருக்கிவிட இயலாது என்பதற்கு அதுவே சான்று.

"முஸ்லிம் மன்னரின் செயலெல்லாம் மார்க்கத்திற்கு உகந்தது, இதுவும் அவர் செயல், ஆகவே இதுவும் நியாயம்" என்பது பிழையான கியாஸ். அதன் முதல் வாக்கியமே பொய்.

"நாமறிந்த முஸ்லிம்கள் இவ்வாறு செய்வதில்லை, ஆகவே அன்றும் நடந்திராது" என்பது பழுதான தம்ஸீல். இப்னு பதூதாவின் செய்திகளைத் தாமும் ஐயுற்றதை இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் குறிப்பிடுகிறார். அப்போது அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ரார் ஒரு கதை சொன்னாராம்: சிறையிலேயே வளர்ந்த சிறுவன், தந்தை ஆட்டை எவ்வளவு விவரித்தும், அதை எலியைப் போன்றதென்றே எண்ணினான், அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. நாம் காணாததை நிகழாததென்பதும் அத்தகையதே.

இப்னு பதூதா சுல்தானுக்குச் சகலை முறையினர். அப்படியிருந்தும், அவர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இழிசெயலெனக் கண்டித்தார். உற்றாருக்கு எதிராயினும் நீதியுடன் சாட்சி கூறுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. கோயில் நகரில் அண்டை வீட்டாருடன் வாழும் நமக்கு, இந்த வரலாற்றை மறைக்கவும் தேவையில்லை. அதற்காகத் தலைகுனியவும் தேவையில்லை. உள்ளபடி சொன்னால் போதும்.