கலிக்கம்பரின் வில் எங்கே போனது?

சைவக் கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையில் கலிக்கம்ப நாயனார் பெரும்பாலும் கைகூப்பி நிற்கிறார். பெரியபுராணத்தில் அவர் பெண்ணாடத்து வணிகர். ஆனால் அவரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று அவரை வில்லாளி என்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு வில் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே, யார் கையில் நழுவியது என்று பார்க்கத்தான் பழைய நூல்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சண்டை வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் முறை நன்றாகத் தெரியும். கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் தால்சிம் என்று ஓர் இந்திய யோகி வருகிறார். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் கைகால்கள் ரப்பர்போல நீளும், வாயிலிருந்து தீ வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை கிடக்கும். அடுத்த ஆண்டு வந்த டர்போ பதிப்பில், நின்ற இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தையும் சேர்ந்தது. மூன்றாம் பாகத்தில் ஆளே இல்லை. 2008இல் நான்காம் பாகத்தில் திரும்பினார். 2016இன் ஐந்தாம் பாகத்தில் தாடியும் தலைப்பாகையும் வந்துவிட்டன. இடையில் 1994இல் எடுத்த ஹாலிவுட் படத்தில் அவர் சண்டைக்காரரே அல்ல. ரோஷன் சேத் நடித்த விஞ்ஞானி. ரசிகர்கள் ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சேர்ந்தது, எது விடுபட்டது, எதற்காக என்று அலசுகிறார்கள். அந்த அக்கறை நம் நாயன்மார்களுக்கும் வேண்டும். அவர்களும் பாகம் பாகமாகத் திரும்பி வந்தவர்கள்தான்: சுந்தரரின் திருத்தொண்டத்தொகை, நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, சேக்கிழாரின் பெரியபுராணம்.

முதல் பாகம் எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. பதினொரு பாட்டுக்குள் அடியார் அனைவரையும் சொல்லி முடிக்க வேண்டிய சுந்தரர், கலிக்கம்பருக்கு அரை அடிதான் ஒதுக்குகிறார். அதில் இரண்டு செய்திகள் உண்டு. இவர் ஒரு கையை வெட்டியவர். வரிந்து கட்டிய வில்லை உடையவர். யாருடைய கை, எதற்காக வெட்டினார், எந்த ஊர்க்காரர் என்ற பேச்சே இல்லை. மனைவி என்று ஒருத்தி இருப்பதாகவும் இல்லை.

அந்த வில் பக்கத்துப் பெயர்களுக்கு உரியதாக இருக்குமோ என்று முதலில் சந்தேகித்துப் பார்க்க வேண்டும். கலிக்கம்பருக்கு அடுத்து வருபவர் திருவொற்றியூர்க் கலியர். எண்ணெய் ஆட்டி விற்று விளக்கெரித்தவர். அவருக்கு வில்லோடு வேலை இல்லை. அதற்கடுத்த சத்தியார் அடியாரை இகழ்ந்தவர் நாவை அறுத்தவர். அவருக்குத் தனி அடைமொழி இருக்கிறது. கை வெட்டியதும் வில்லும் ஒன்றாகச் சேர்ந்து கலிக்கம்பர் பெயருக்கு முன்னால் நிற்கின்றன. பாட்டின் நடையில் வேறு யாரிடமும் அந்த வில்லைக் கொடுக்க முடியாது.

அந்தப் பாட்டில் கூட இருப்பவர்களையும் பாருங்கள். புகழ்ச்சோழர் மன்னர். நரசிங்க முனையரையர் திருமுனைப்பாடியை ஆண்ட தலைவர். ஐயடிகள் காடவர்கோன் பல்லவ மரபினர். நாகை அதிபத்தர் கடலோடும் பரதவர். ஆயுதம் பிடித்தவர்கள் நிறைந்த இந்த வரிசையில் ஒரு வில்லாளி நிற்பதில் வியப்பில்லை.

சுந்தரர் சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது? இங்கேதான் ஊர்க்கணக்கு உதவுகிறது. சுந்தரர் திருநாவலூர்க்காரர், நடுநாட்டுப் பிள்ளை. அவரை வளர்த்ததே மேலே சொன்ன நரசிங்க முனையரையர். பெண்ணாடத்துக்கு அருகில், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நெல்வாயில் அரத்துறையை, இன்றைய திருவட்டத்துறையை, அவர் பதிகம் பாடியிருக்கிறார். கலிக்கம்பர் கதை இந்த வட்டாரத்தில் எப்படிப் பேசப்பட்டது என்று கேட்டறிய அவருக்கு வாய்ப்பு இருந்தது. மற்ற இருவரையும்விட நாயனாருக்குக் காலத்தால் நெருங்கியவரும் அவர்தான். வில்லைப் பற்றி அவர் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாகம் பிறந்ததும் இதே பக்கத்தில்தான். நம்பியாண்டார் நம்பி காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர்க்காரர். சுந்தரர் ஒவ்வொருவருக்கும் சிறு துணுக்கு கொடுத்த இடத்தில் இவர் பாட்டுக்கு ஒருவராக விரிக்கிறார். கலிக்கம்பர் பாட்டில் அடையாளமே மாறிவிடுகிறது. ஊர்ப்பெயர் வருகிறது: பெண்ணாகடம், அதாவது பெண்ணாடம். காரணமும் வருகிறது: முன்பு தம்மிடம் ஊழியம் செய்தவன் சைவ வேடத்தில் வர, நாயனார் அவன் காலைக் கழுவப் போகிறார். முதன்முறையாக மனைவியும் வருகிறாள். நாலு பேர் பார்க்க வெட்கப்பட்டு அவள் நீர் வார்க்காமல் நிற்கிறாள். அவள் கையை வெட்டுகிறார்.

வில்லை மட்டும் காணோம்.

இந்த ஓர் இழப்பைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். வில் போன அதே பாட்டில் மனைவி நுழைகிறாள். வெளியில் எங்கோ நடந்த வெட்டாகவும் இருந்திருக்கக்கூடிய ஒன்று, இங்கே வீட்டுக்குள், சோறு பரிமாறும் இடத்துக்கு வந்துவிடுகிறது. போர்க்குணம் குறையவில்லை, எதிரி மாறிவிட்டாள்.

மூன்றாம் பாகம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடி, தில்லையில் அரங்கேறிய பெரியபுராணம். இவர் கலிக்கம்பரை வணிகர் குலத்தில் பிறக்க வைக்கிறார். அவ்வூர்க் கோயிலான திருத்தூங்கானை மாடத்து இறைவனை வழிபடுபவராக, நாள்தோறும் அடியார்களுக்குக் காலலம்பி அமுது படைப்பவராகக் காட்டுகிறார். முன்பு ஏவல் வேலை செய்து, மனக்கசப்போடு போய்விட்ட ஒருவர் ஒருநாள் அடியார் கூட்டத்தோடு வருகிறார். கரகத்தில் நீரோடு நிற்கும் மனைவி, 'இவர் நம்மிடம் வேலை செய்து போனவர்போல இருக்கிறதே' என்று எண்ணித் தயங்குகிறாள். அவள் ஏன் தயங்கினாள் என்பது கணவருக்குப் புரிந்துவிடுகிறது. அவளைத் திரும்பியும் பார்க்காமல் கூரிய வாளை உருவி, கரகத்தை வாங்கிக்கொண்டு, கையை வெட்டுகிறார். பிறகு தாமே காலைக் கழுவி அமுதும் படைக்கிறார்.

சேக்கிழார் அந்த வில்லைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. பெரியபுராணச் சருக்கங்கள் பலவற்றின் தலைப்புகளே சுந்தரர் பாட்டுகளின் தொடக்கச் சொற்கள்தான். கலிக்கம்பர் கதை இருக்கும் இடம் 'பொய்யடிமை இல்லாத புலவர் சருக்கம்'. சுந்தரரைச் சொல் சொல்லாக முன்னே வைத்து எழுதியவர் வேண்டுமென்றேதான் வில்லை விட்டிருக்க வேண்டும். காரணம் எளியது: வில்லால் கையை வெட்ட முடியாது. கதை ஒரு வீட்டுக்குள், கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. அதற்கு வாள்தான் தோதானது. அதனால் வில்லாளி கையில் வாள் வந்தது.

வணிகர் என்பதும் வில்லும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்க வேண்டாம். சோழர் காலத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் ஆயுதம் தாங்கிய வீரர்களைக் கூட வைத்துக்கொண்டே வணிகம் செய்தன. எறிவீரப்பட்டினம் என்று அவர்கள் பெயர் சொல்லும் ஊர்களைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். வில்லேந்திய வணிகர் ஒருவர் நடுநாட்டுச் சாலையில் போயிருக்கலாம். ஆனால் பாட்டு வீட்டுக்குள் வந்தபின் அந்தச் சாலைக்கு இடமில்லாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறாக ஏனாதிநாதரைப் பாருங்கள். சுந்தரர் அவர் பெயரை மட்டும் சொல்கிறார். நம்பி ஒரு பாட்டில், எதிரி நெற்றியில் திருநீறு கண்டு வாளை விட்ட செய்தியைத் தருகிறார். சேக்கிழாரிடம் அது வாள்பயிற்சிப் பள்ளி, தொழில் போட்டி, பெரும் போர், நெற்றியைக் கேடயத்தால் மறைத்துவந்து வஞ்சித்த அதிசூரன் என்று விரிந்து போகிறது. ஒருவருடைய போர் பாகத்துக்குப் பாகம் வளர்கிறது. இன்னொருவருடைய வில் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறது. எந்தப் பண்பு தொண்டுக்குப் பயன்படுகிறதோ அதுவே வளர்கிறது. கலிக்கம்பரிடம் கவிஞர்களுக்கு வேண்டியிருந்தது வேடத்தை மதிக்கும் மனம். சேக்கிழாருக்குப் பின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதே பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் கடைசி நூற்பாவில் அடியார் வேடத்தையும் கோயிலையும் சிவனென்றே தொழச் சொல்கிறார். கலிக்கம்பர் கதை அந்தக் கொள்கைக்கு எடுத்துக்காட்டாகவே நின்றுவிட்டது.

ஆனால் அதன் விலை யார் கையில் விழுந்தது? பெரியபுராணத்தில் இழந்தவை பல திரும்பி வருகின்றன. சிறுத்தொண்டர் மகன் ஓடி வருகிறான். திருநீலகண்டரும் மனைவியும் இளமை பெறுகிறார்கள். கலிக்கம்பர் மனைவிக்கு அந்தப் பேறு இல்லை. புராணத்தின் முடிவுப் பாட்டு அவளை அடியாரென்று உணராத பெண் என்று சொல்லி, கணவரின் திருவடியை வணங்கி, அடுத்த நாயனாருக்குப் போய்விடுகிறது. மூன்று நூலிலும் அவளுக்குப் பெயர் கிடையாது.

அந்தக் குறையை நிரப்பியது நான்காவதாக ஒரு பாகம். அது ஏட்டில் இல்லை. பெண்ணாடத்துக் கோயிலில் இருக்கிறது. அப்பர் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற்ற கோயில் அது. யானை உறங்குவதுபோன்ற பின்புற வளைவுள்ள விமானம். இறைவனுக்குப் பிரளயகாலேசுவரர், சுடர்க்கொழுந்தீசர் என்ற பெயர்களோடு கைவழங்கீசர் என்ற பெயரும் உண்டு. வெட்டுண்ட கையை அந்த அம்மைக்குத் திரும்பக் கொடுத்ததால் அப்பெயர் என்று தலத்தார் சொல்கிறார்கள். சேக்கிழார் சொல்லாததை ஊர் சொல்லியிருக்கிறது. பெரும்புலவர்கள் கண்டுகொள்ளாத ஒரு பெண்ணின் வலி, அவள் ஊரார் நெஞ்சில் உறுத்தியிருக்கிறது. நான் பார்த்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என் முடிவு இது: சுந்தரர் அறிந்த கலிக்கம்பர் வில்லாளி. அந்த வில் நம்பியின் அந்தாதியில் மறைந்தது. சேக்கிழாரிடம் வாளாக மாறியது. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்துக் குடும்பங்களில் பழைய தலபுராண ஏடோ, கலிக்கம்பர் கதையைப் பாட்டாகச் சொல்லும் பெரியவர்களோ இருந்தால், தயவுசெய்து அதை எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். வில்லைப் பற்றி ஒரு வரியோ, அந்த அம்மையின் பெயரோ அதில் இருந்தால், இந்த நாயனாரின் வரலாற்றை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.