பழையது என்று தள்ளலாமோ?

முதல் நாள் சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் உண்பதைப் பழையது என்கிறோம். தொலைக்காட்சியிலும் அத்தகைய பழையது உண்டு. முன்பு பிற நிலையங்களில் வெளிவந்த தொடர்களை விலைக்கு வாங்கி, அவற்றையே நாள்தோறும் பரிமாறுவதைத் தொழிலாகக் கொண்ட கேபிள் நிலையங்கள் அமெரிக்காவில் பல. இதனைச் சோம்பல் என்று இகழ்வோர் உளர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். இதன் வரலாற்றைக் கற்றபின் என் எண்ணம் மாறிற்று. அவ்வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1951ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களிற் பெரும்பாலானவை நியூயார்க்கில் நேரடியாக நடிக்கப்பட்டன. தொலைவிலுள்ள ஊர்களுக்கோ, திரையில் தெரியும் காட்சியைப் படம்பிடித்து அனுப்பினர். அது மங்கலாகவே இருக்கும். லூசில் பால், டெஸி ஆர்னாஸ் என்னும் நடிகத் தம்பதியர் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தனர். தங்கள் ‘ஐ லவ் லூசி’ தொடரை மூன்று காமிராக்களைக் கொண்டு திரைப்படச் சுருளிலேயே எடுக்க முற்பட்டனர். செலவு மிகுந்தது. தம்பதியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். ஒருமுறை காட்டிய நாடகத்துக்குப் பின்னர் மதிப்பேது என்று எண்ணிய காலம் அது.

அடுத்த ஆண்டே லூசில் பால் கருவுற்று ஓய்வுகொள்ள நேர்ந்தபோது, பழைய பகுதிகளை மீண்டும் காட்டினர். மக்கள் முகஞ்சுளிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், சி.பி.எஸ். நிறுவனம் தான் முன்பு விட்டுக்கொடுத்த உரிமையையே பெரும் பொருள் கொடுத்து வாங்கியது!

இவ்வாறு ஒரு தொடரைத் தனித்தனி நிலையங்களுக்கு விற்கும் முறைக்குச் ‘சிண்டிகேஷன்’ என்று பெயர். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் காட்டினால், நூறு பகுதிகள் இருபது வாரங்களுக்குப் போதும். ஆதலின், நூறு பகுதிகளைத் தொட்ட தொடருக்கே சந்தையில் மதிப்பு என்ற வழக்கு எழுந்தது. எனினும் விலக்குகளும் உண்டு. 1966 முதல் 1969 வரை வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ 79 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பில்தான் அது பெரும்புகழ் எய்தியது. 1979இல் திரைப்படமாகவும் வந்தது.

கேபிள் நிலையங்கள் பெருகியபோது இச்சரக்குக்குத் தேவை மிகுந்தது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம்; அரைமணிப் பகுதிகளாகக் கணக்கிட்டால் 336. இத்தனையையும் புதிதாக ஆக்கி நிரப்பப் புதிய நிலையத்துக்குப் பொருள் ஏது? 1976 டிசம்பரில் டெட் டர்னர் தம் அட்லாண்டா நிலையத்தைச் செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் அனுப்பியபோது, பழைய படங்களும் பழைய தொடர்களும் பேஸ்பால் ஆட்டங்களுமே அவர் கைம்முதல். 1985 ஜூலையில், பகலில் சிறுவர்க்குரியதாயிருந்த நிக்கலோடியன் அலைவரிசையில், இரவு வேளைக்கு ‘நிக் அட் நைட்’ தோன்றியது. பெற்றோர் இளமையிற் கண்ட தொடர்களைப் பிள்ளைகளும் உடனிருந்து காண வாய்த்தது.

மீண்டும் விற்கலாம் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் நேர்ந்தது யாது? 1962இல் ஜானி கார்சன் ஏற்று நடத்தத் தொடங்கிய ‘டுநைட் ஷோ’வின் முதற்பத்தாண்டுப் பதிவுகளிற் பெரும்பகுதி இன்று இல்லை. நாடா விலையுயர்ந்தது, ஆகவே அழித்துவிட்டு அதன்மீதே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தனர். படியெடுக்கப்பட்ட ஓலைச்சுவடி பிழைத்தது, எவரும் தீண்டாத சுவடியைக் கறையான் தின்றது என்னும் நம் நாட்டு அனுபவத்தை இங்கே நான் நினைவுகூர்கிறேன்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. மறு ஒளிபரப்பு ஒவ்வொன்றுக்கும் காலவரையின்றி ஊதியம் பெறும் உரிமையை அமெரிக்கத் திரைநடிகர் சங்கம் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் பெற்றது. அதற்கு முன்னர் ஒரு சில மறு ஒளிபரப்புகளோடு ஊதியம் நின்றுவிடும். முகம் நாள்தோறும் திரையில் சிரிக்கும். அம்முகத்துக்கு உரியவர் கையில் காசு வாராது.

பழையதை உண்பதில் இழிவில்லை, நேயர்களே. அதனைச் சமைத்தவரை மறப்பதே இழிவு.