கைப்போரின் எடையும் மேசைப் போர்க்களமும்

இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் பொம்மைப் படைகளைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், மேசைமேல் சிறு உருவங்களை நிறுத்திப் போர் விளையாடும் கலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதும் ஒரு வினா விடாது தொடர்ந்து வருகிறது. வாளேந்தி நெருங்கிப் பொரும் படைக்கும் தொலைவில் நின்று சுடும் படைக்கும் இடையே நடுநிலை காண்பது எங்ஙனம்? உண்மைக்கு மாறின்றி விதி வகுத்தால் ஒரு தரப்புக்கு அநீதி நேர்கிறது; இரு தரப்புக்கும் நீதி செய்ய முனைந்தால் உண்மை நழுவுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே விதி வகுத்தோர் பட்ட பாடே இக்கட்டுரையின் பொருள்.

இவ்விளையாட்டின் தாய் சதுரங்கம். சதுரங்கத்தில் கைப்போர் வலிமை என்பதே இல்லை. காலாள் அரசியை வெட்டலாம். வெட்ட வந்தவன் வெல்வது உறுதி. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பார் சதுரங்கத்தை விரித்துப் பல்வகை நிலங்களும் பீரங்கிகளும் கொண்ட போர் விளையாட்டாக்கினார். எனினும் தாயின் சாயல் முற்றும் மறையவில்லை.

மறைத்தவர் பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர் இளைய ரைஸ்விட்ஸ். தந்தையார் தொடங்கிய பணியை முடித்து 1824இல் அவர் வெளியிட்ட நூல், 1:8000 அளவுள்ள நிலப்படத்தின்மீது ஈயக் கட்டைகளை நகர்த்தி ஆடும் முறையை வகுத்தது. அதில் என்னைக் கவர்ந்தது கைப்போருக்கு அவர் கண்ட தீர்வுதான். ஐந்து தனிப் பகடைகளைச் செய்தார். இரு தரப்பும் சமமாயின் ஒரு பகடை. மூன்றுக்கு இரண்டு எனில் வேறொன்று. இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்னும் விகிதங்களுக்கு எஞ்சிய மூன்று. பெரும்படை வெல்லும் வாய்ப்புப் பகடைக்குப் பகடை கூடிற்று. சிறுபடைக்கு வாய்ப்பு அடியோடு அற்றுப்போகவில்லை. வென்றவன் யார் என்பதோடு, தோற்றவன் பின்வாங்கினானா, முறியடிக்கப்பட்டானா, சிதறுண்டானா என்பதையும் பகடையே கூறிற்று. போரில் ஊழுக்கு உள்ள இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த முதல் மனிதர் அவர் என்று கூறலாம். தலைமைத் தளபதி மியூஃப்ளிங் முதலில் ஆர்வமின்றிப் பார்த்திருந்து, பின்னர் இது விளையாட்டன்று, போர்ப்பயிற்சி என்று வியந்து, படை முழுதுக்கும் பரிந்துரைத்தார். அப்புகழ் ஆக்கியோனைக் காக்கவில்லை. 1827இல் ரைஸ்விட்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். 1913இல் வெளிவந்த அவரது 'லிட்டில் வார்ஸ்' நூலில் பகடைக்கே இடமில்லை. விற்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியை எய்து எதிரி வீரனை உண்மையாகவே வீழ்த்த வேண்டும். குறி தவறுவதும் தவறாமையும் ஆடுபவர் கையில். கைப்போரிலோ கணக்கு மட்டுமே உண்டு. இரு குழுக்கள் மோதினால் ஆளுக்கு ஆள் மடிவர். இதை மட்டும் வைத்தால் விளையாட்டு வெறும் கழித்தல் கணக்காகிவிடும் அல்லவா? எனவே 'தனிமைப்பட்ட குழு' என்றொரு கருத்தைச் சேர்த்தார். ஒரு குழுவின் எண்ணிக்கையில் பாதியளவு தோழர்களாவது ஒரு நகர்வுத் தொலைவுக்குள் இல்லையெனில் அது தனிமைப்பட்டது. அத்தகைய சிறுகுழு பெருங்குழுவிடம் சிக்கினால் அதில் ஒரு பகுதி சிறைப்படும். வென்றவனின் இழப்பும் குறையும். வீரனின் தோள்வலியை அளக்காமல் அவன் நிற்கும் இடத்தை அளந்த இவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். மெய்ப்போரின் மடமையை விளையாட்டு நினைவூட்டும் என்று நம்பினார் வெல்ஸ். நூல் வெளிவந்த மறு ஆண்டே உலகப் போர் மூண்டது.

அப்போரின் நடுவே, 1916இல், லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் விமானப் போரைப் பற்றிய தம் நூலில், இச்சிக்கலின் வேரையே தோண்டி எடுத்தார். விளையாட்டை அவர் எண்ணவில்லை. ஆயினும் விளையாடுவோர்க்கு அவர் கணக்கு பெருங்கொடை. வாட்போரில் ஒருவன் ஒரு நேரத்தில் ஒருவனோடுதான் பொர முடியும். திறன் சமமாயின், ஆயிரம் பேர் முதலில் ஐந்நூறு பேரையும் பின்னர் மற்றோர் ஐந்நூறு பேரையும் எதிர்த்தால் இறுதியில் இரு பக்கமும் ஒருவரும் எஞ்சார். துப்பாக்கிப் போரிலோ பலர் ஒருவனைக் குறிவைக்கலாம்; ஆதலால் வலிமை எண்ணிக்கையின் இருமடியாகப் பெருகும். அதே ஆயிரம் பேர் முதல் ஐந்நூறு பேரை வீழ்த்திய பின் 866 பேர் எஞ்சுவர். அடுத்த ஐந்நூறு பேரையும் வீழ்த்திய பின் 707 பேர் எஞ்சுவர். சுடும் படைக்குக் குவிதல் தரும் ஊதியம் வாட்படைக்கு இல்லை. போதாக்குறைக்கு, அது குண்டு மழையைக் கடந்துதான் எதிரியை எட்டவேண்டும். ஆகவே வாட்படைக்கு விதியே ஏதேனும் ஈடு செய்தாக வேண்டும்.

அந்த ஈட்டைப் பலர் பலவாறு கொடுத்தனர். பண்டைக் காலப் போர்களுக்கு 1990இல் பில் பார்க்கரும் தோழரும் வகுத்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடேடிஸ்' விதிகளில் ஒவ்வொரு தரப்புக்கும் பன்னிரண்டே பிரிவுகள். ஒவ்வொரு வகைக்கும் காலாளை எதிர்க்க ஓர் எண், ஊர்திப் படையை எதிர்க்க வேறோர் எண். வாள்வீரனுக்குக் காலாளிடம் ஐந்து, குதிரையிடம் மூன்று. ஒவ்வொருவரும் ஒரு பகடை எறிந்து எண்ணைக் கூட்டுவர். குறைந்தவன் பின்வாங்குவான், பாதியளவுக்கு இறங்கினால் அழிவான். யானை கனத்த குதிரைவீரரைத் துவைக்கும். அதே யானை சில்லறைக் கவண்காரரிடம் மாளும். எல்லோரையும் வெல்பவன் ஒருவனும் இல்லை என்பதே இங்கு நடுநிலை. இவ்விதிகளுக்குரிய படைப் பட்டியல்களில் தமிழர் படையும் இடம்பெற்றிருப்பதை நம்மவர் அறிந்தால் மகிழ்வர்.

1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட 'வார்ஹாமர் 40,000' இன்னும் கடினமான முடிச்சு. எதிர்கால உலகில் கோடரியேந்திய ஓர்க் கூட்டமும் நெடுந்தொலைவு சுடும் படையும் ஒரே மேசையில் மோதுகின்றன. 1998இன் மூன்றாம் பதிப்பில், தாக்கப் பாய்ந்தவனுக்கு ஓர் அடி கூடுதல். போர்த்திறன் சமமாயின் பகடையில் நான்கு விழவேண்டும். மிகுந்தவனுக்கு மூன்று போதும். இவற்றினும் பெரிய ஈடு வேறொன்று: கைப்போரில் பிணைந்தவர்களை நோக்கி எவரும் சுடலாகாது. எட்டிவிட்ட வாள்வீரனுக்கு எதிரியின் உடலே கேடயம். வலிமையைக் கூட்டாமலே வலிமை தந்த விதி இது. புள்ளி விலை போட்டு மட்டும் இதனைச் சரிசெய்ய இயலாது. ஏனெனில் வாளின் விலை மேசையின் அகலத்தையும் மறைவிடங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. வெட்டவெளியில் பாதி விலையும் பெறாத வீரன், இடிபாடுகளிடையே இரட்டை விலை பெறுவான்.

2017இன் எட்டாம் பதிப்பு இக்கேடயத்தைப் பறித்தது. பாய்ந்தவன் முதலில் அடிப்பான் என்று ஒரு கையால் கொடுத்து, பிணைந்த குழு தன் முறையில் தடையின்றி விலகலாம் என்று மறு கையால் வாங்கிக்கொண்டது. விலகியவர் சுடமுடியாது, ஆனால் அவர்தம் தோழர்கள், வெளியில் தனித்து நின்ற வாள்வீரர்மீது குண்டு பொழியத் தடையில்லை. எதிரியின் திறனோடு ஒப்பிடும் வழக்கமும் போயிற்று. ஒவ்வொருவனுக்கும் நிலையான ஓர் எண். எளிமை கூடிற்று என்பது உண்மை. கைப்போரின் சுவை குன்றியது என்பது என் கருத்து. 2020இன் ஒன்பதாம் பதிப்பில் வீரர்களின் எண்களோடு களத்தின் அளவிலும் கை வைத்தனர். ஆறடிக்கு நான்கடியாக இருந்து வந்த மேசை, இரண்டாயிரம் புள்ளிப் படைகளுக்குக் குறைந்த அளவு அறுபது அங்குலத்துக்கு நாற்பத்து நான்கு என்று சுருங்கியது. வாள்வீரன் கடக்கவேண்டிய தொலைவில் சில அங்குலங்கள் குறைந்தன.