டாக்டரின் மஃப்ளரும் அம்மா பின்னிய குல்லாவும்

1974-ல் பிபிசியின் உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் பல நிறக் கம்பளி நூலை வாங்கி, பிகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் ‘டாக்டர்’ என்ற நாயகனாக வரவிருந்த நான்காவது நடிகர் டாம் பேக்கருக்கு ஒரு மஃப்ளர் வேண்டியிருந்தது. கொடுத்த நூலில் எவ்வளவைச் செலவழிப்பது என்ற பேச்சு எழவில்லை. போப் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார். ஏறத்தாழ 20 அடி நீளம்! கழுத்தைச் சுற்றிப் போட்ட பிறகும் மிச்சம் காலடிவரை தொங்கியது. நடிகருக்கும் வடிவமைப்பாளருக்கும் அது பிடித்துப்போனது. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று புதிய டாக்டர் மஃப்ளரோடு திரைக்கு வந்தார்.

ஆச்சிசன் பின்னாளில் ‘தி லாஸ்ட் எம்பரர்’ உள்ளிட்ட படங்களுக்காக மூன்று ஆஸ்கர் வாங்கினார். ஆனாலும் அவர் கைபட்ட உடைகளில் அதிக வீடுகளில் மறுபடி பிறந்தது இந்த மஃப்ளராகத்தான் இருக்கும்.

அதற்குக் காரணம் அதன் எளிமை. முழுக்க ஒரே வகைப் பின்னல். சில வரிசைகளுக்கு ஒருமுறை நிறம் மட்டும் மாறும். ஊசி பிடிக்கக் கற்ற ஒரு வாரத்தில் சிறு பிள்ளைகூடத் தொடங்கிவிடலாம். பிரிட்டிஷ் வீடுகளுக்கு இது புதிய வேலையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் துணிக்குப் பங்கீடு வந்தபோது, பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அந்த நூலிலேயே வேறொன்று பின்னச் சொல்லி அரசே ஊக்கமூட்டியது. 1943-ல் அதற்கென்று கையேடும் போட்டது. அந்தக் காலத்தில் குடும்பம் நடத்திய பெண்கள் 1974-ல் பாட்டிகள். மிச்ச நூலைத் தூக்கி எறியாத கைகள் அவை. தவிர, கால்பந்து பார்க்கப் போகும் மகனுக்கு அவன் அணியின் நிறத்தில் மஃப்ளர் பின்னித் தரும் வழக்கமும் அந்த வீடுகளில் இருந்தது. ஆர்வம் பிள்ளையுடையது, உழைப்பு அம்மாவுடையது. ரசிகர் கைவினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நிறம்தான் சிக்கல். அப்போது பல வீடுகளில் இருந்தது கறுப்பு-வெள்ளைப் பெட்டி. எந்தப் பட்டை என்ன நிறம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதிக் கேட்டவர்களுக்கு பிபிசியே பின்னல் குறிப்புத் தாளை அனுப்பியது. பின்னுபவர்களிடையே இன்றும் புழங்கும் கணக்கு ஒன்று 8 வரிசை ஊதாவில் தொடங்கி 52 வரிசை ஒட்டக நிறத்துக்குப் போகிறது. 1980-ல் தொடரின் உடை மாறியது; ஜூன் ஹட்சன் வடிவமைத்த புதிய மஃப்ளர் அடர் சிவப்புச் சாயலுக்குப் போனது. வீடுகளிலோ பழைய பல வண்ண மஃப்ளருக்கு மவுசு குறையவில்லை.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். ரசிகர்கள் ஆசையோடு செய்யும் பொருள்களில் பல, கதைக்குள்ளேயே யாரோ ஒருவர் கையால் செய்தவை. டாக்டரின் மஃப்ளரை நாஸ்ட்ரடாமஸின் மனைவி பின்னியதாக 1975-ல் வந்த கதை ஒன்று சொல்கிறது. ஹாரி பாட்டர் நாவல்களில் மோலி வீஸ்லி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குத் தன் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். முதல் நாவலில் தாய் தந்தையற்ற ஹாரிக்கும் மரகதப் பச்சையில் ஒன்று வந்து சேர்கிறது. ஒரு வீடு தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதை அவனுக்குச் சொல்வது அந்த ஸ்வெட்டர்தான். அதைத் தன் மகளுக்குப் பின்னும் தாய் மோலி செய்ததையே செய்கிறாள். கடையில் வாங்கியதற்கு இந்த அர்த்தம் வராது.

அமெரிக்காவின் ‘ஃபயர்ஃப்ளை’ கதை இன்னும் அழுத்தமானது. 2002-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இந்த விண்வெளித் தொடரைப் பாதியில் நிறுத்தியது. எடுத்த 14 அத்தியாயங்களில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. விடுபட்ட ஒன்றில், ஜெய்ன் என்ற முரடனுக்கு அவன் அம்மா கடிதத்தோடு ஒரு குல்லா பின்னி அனுப்புகிறாள். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து, காதுகளை மூடி, உச்சியில் குஞ்சம் வைத்தது. அவன் அதை வெட்கமில்லாமல், பெருமையாகப் போட்டுக்கொள்கிறான். அந்த ஒரு காட்சி போதும். தொடர் நின்ற பிறகும் ரசிகர்கள் குல்லா பின்னினார்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள், சிலர் இணையத்தில் விற்றார்கள்.

2013-ல் அந்தக் குல்லாவைத் தயாரிக்கும் உரிமம் ஒரு நிறுவனத்துக்குப் போனது. கையால் பின்னி விற்றவர்களுக்கு ஃபாக்ஸிடமிருந்து நிறுத்தச் சொல்லி அறிவிப்புகள் வந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். உரிமம் பெற்ற குல்லாவை விற்ற திங்க்கீக் கடை, அதில் வரும் லாபத்தை ரசிகர்கள் நடத்திவந்த அறக்கொடை முயற்சிக்கே தருவதாக அறிவித்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிபிசியும் ஃபாக்ஸைப் போலவே தடுக்கும் வழியில் போயிருந்தது. 2008-ல் ஒரு ரசிகை ‘டாக்டர் ஹூ’ உயிரினங்களுக்குப் பின்னல் குறிப்பு எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதைப் பார்த்துச் செய்த பொம்மைகளை வேறு சிலர் விற்கத் தொடங்க, குறிப்பையே நீக்கச் சொன்னது பிபிசி. ஒருகாலத்தில் தானே குறிப்புத் தாள் அனுப்பிய நிறுவனம் அது! விற்பவரைத் தடுக்க நிறுவனத்துக்கு நியாயம் உண்டு. பிள்ளைக்காகப் பின்னுகிறவரின் கையிலிருந்த குறிப்பைப் பறித்ததில் நியாயமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் எதிர்த் திசையில் நடந்தார். 2020 பிப்ரவரியில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் நியூயார்க்கில் ஒரு ஒத்திகைக்கு, வண்ணச் சதுரங்களை இணைத்த கார்டிகன் ஒன்றை அணிந்து வந்தார். ஜேடபிள்யூ ஆண்டர்சன் நிறுவனத்தின் தயாரிப்பு. விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல். சில வாரங்களில் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைபட்ட இளைஞர்கள் குரோஷா ஊசியை எடுத்து, சதுரம் சதுரமாகப் பின்னி, அந்தக் கார்டிகனைத் தாங்களே செய்து டிக்டாக்கில் காட்டினார்கள். வடிவமைப்பாளர் ஜோனதன் ஆண்டர்சன் வழக்கறிஞரை அழைக்கவில்லை. ஜூலையில் அசல் பின்னல் குறிப்பையே எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்.

அவ்வாண்டே லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்தக் கார்டிகனைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நல்ல முடிவு. ஆனால் அதன் பக்கத்திலேயே, ஊரடங்கில் ஏதோ ஒரு வீட்டில் மிச்ச நூலில் செய்த, சதுரங்கள் சற்றே கோணிப்போன ஒன்றும் தொங்க வேண்டும். இந்த வரலாற்றின் பெரும் பகுதி அந்த வீடுகளில்தான் நடந்திருக்கிறது.