பல் தொழில்நுட்பர் தொடர்கல்வி (ஐக்கிய இராச்சியம்)

செயற்கைப் பற்கள், பல் உறைகள், பற்களைச் சீராக்கும் கருவிகள் ஆகியவற்றை ஆய்வகத்தில் செய்யும் பல் தொழில்நுட்பர்கள் பிரிட்டனில் பொதுப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு நீடிக்கத் தொடர்கல்வி கட்டாயம். 2018 ஆகஸ்டில் இவர்களுக்கு நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஐந்தாண்டுச் சுழற்சியில் சான்றுடன் குறைந்தது 50 மணி நேரம் கற்க வேண்டும். பல் மருத்துவருக்கு இது 100. அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டுகளிலும் 10 மணி நேரமாவது சேர வேண்டும் என்பது கடைசி ஆண்டு அவசரப் படிப்பைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. ஒவ்வொருவரும் தனிப்பட்ட கற்றல் திட்டமும் வைத்திருக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட தலைப்புகளில் கதிர்ப்படவியலுக்குப் பதிலாகப் பொருட்கள், கருவிகள் பற்றி இவர்கள் படிக்கலாம். பீங்கானும் பிசினும் கையாள்வோருக்கு அதுவே பொருத்தம். நிபந்தனையை நிறைவேற்றாதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம்.